சாய்வுச் சயிக்கிளுக்குக் கழுத்து உளையாத தலைதாங்கி: எங்கை பொருத்துறது, எந்தப் பட்டை, எந்தப் பஞ்சு?

#1 · கோண்டாவில்சில்லு

என்ரை சயிக்கிள் கதிரையிலை பின்னுக்குச் சாஞ்சிருந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்கிற வகை. முன்சில்லு 20 அங்குலம், பின்சில்லு 26 அங்குலம். கதிரை, கண்ணாடிநாராலை (பைபர்) வார்த்த விறைப்பான ஓடு, சாய்வு தரையிலிருந்து 28 பாகை. அதோடை வந்த தலைதாங்கி, 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியை வளைச்சு மேலை கறுப்புப் பஞ்சுக்குழாயைச் செருகினது.

மூண்டு பிரச்சினை. கொங்கிறீற் ஒழுங்கையிலை மூட்டுக்கு மூட்டு தலை அதிர்ந்து கண் மங்குது. ஹெல்மெட்டின்ரை பின்விளிம்பு தாங்கியிலை முட்டி, முன்விளிம்பு கண்ணுக்கு மேலை இறங்குது. பத்துக் கிலோமீற்றர் தாண்டினால் கழுத்தின்ரை முன்பக்கம் உளையுது. பஞ்சைத் தடிப்பாக்கினால் காணுமோ, முழுக்க மாத்தவேணுமோ?

#2 · வல்லைவெளி

பஞ்சிலை கைவைக்க முதல் இடத்தைப் பாருங்கோ. உங்கடை மூண்டு பிரச்சினையும் தாங்கி பிழையான இடத்திலை இருக்கிறதாலை வாறது.

தாங்கவேண்டியது பிடரிக் குழியை, அதாவது மண்டையோட்டின்ரை பின்விளிம்பு முடிஞ்சு கழுத்துத் தசை துவங்கிற பள்ளத்தை. அதுக்கு மேலை, மண்டையின்ரை உருண்ட பாகத்திலை தாங்கினால் ஹெல்மெட் முட்டும், றோட்டு அதிர்வும் எலும்புக்கு நேரை ஏறும். கண் மங்கிறது அதாலைதான். பிடரியிலை தாங்கினால் தசை இடையிலை நிண்டு அதிர்வைக் கொஞ்சம் விழுங்கும்.

கழுத்தின்ரை முன்பக்கம் உளைஞ்சால் தாங்கி பின்னுக்குத் தள்ளிக் கிடக்குது எண்டு அர்த்தம். தலை அதைத் தொடாமல் முன்கழுத்துத் தசையிலை தொங்கிக்கொண்டு நிக்கும். பின்கழுத்து உளைஞ்சு நாடி நெஞ்சிலை முட்டப்போனால் அது மெத்த முன்னுக்கு வந்திட்டுது.

அளக்கிறதுக்கு இன்னொரு ஆள் வேணும். சயிக்கிளைச் சுவரோடை நிப்பாட்டி, ஹெல்மெட்டும் சப்பாத்தும் போட்டு, கால் பெடலிலை இருக்க இருங்கோ. முப்பது மீற்றர் தள்ளி றோட்டைப் பாக்கிறமாதிரி கண்ணை வையுங்கோ. நேரான மட்டப்பலகை ஒண்டைக் கதிரை முதுகோடை ஒட்டி மேலை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கோ. ரெண்டு அளவு எடுக்கவேணும்:

உயரம்: ஓட்டின்ரை மேல்விளிம்பிலிருந்து பலகை வழியே பிடரிக் குழியின்ரை நேர் வரைக்கும்.
முன்தள்ளல்: பலகையிலிருந்து பிடரிக் குழி எவ்வளவு முன்னுக்கு நிக்குது எண்டது.

பஞ்சைப் பிடிக்கிற உலோகப் பட்டையின்ரை முகம் எங்கை நிக்கவேணும் எண்டால்: முன்தள்ளல், கழித்தல் பஞ்சின்ரை முழுத் தடிப்பு, கூட்டல் பஞ்சு அமருற அளவு. முன்தள்ளல் 70, பஞ்சு 40, அமருறது 10 மில்லிமீற்றர் எண்டால் முகம் பலகையிலிருந்து 40 மில்லிமீற்றர் முன்னுக்கு. ஆளுக்காள் மாறும், மற்றவையின்ரை அளவை எடுத்துப் போடாதேங்கோ.

மறந்துபோகாமல் ஒண்டு: கதிரையின்ரை சாய்வைப் பிறகு மாத்தினால் எல்லாத்தையும் திரும்ப அளக்கவேணும். முதல் சாய்வை முடிவெடுங்கோ, பிறகு அளவெடுங்கோ.

#3 · தீவகம்64

28 பாகைக்குத் தாங்கி கட்டாயம் வேணும். ஆனா 35, 38க்கு நிமித்தினால் பாதிப் பிரச்சினை தானாப் போகும். 40க்கு மேலை எண்டால் கனபேருக்குத் தாங்கியே தேவையில்லை. காத்துக்குப் படுத்து ஓடுறது நல்லதுதான், சோளகக் காத்து அடிக்கேக்கை பண்ணைப் பாலத்தாலை வேலணைப் பக்கம் போறவைக்கு அது விளங்கும். ரவுணுக்குள்ளை ஓட்டோவுக்கும் பஸ்சுக்கும் இடையிலை போறதுக்கு 28 பாகை என்னத்துக்கு?

#4 · வல்லைவெளி

அண்ணை சொல்லுறது சரி, ஆனா ஓட்டுக் கதிரையிலை எல்லாத்தையும் அப்பிடி நிமித்தேலாது. நிமித்தினால் பாரம் முதுகாலை இறங்கி இருப்பெலும்புக்குப் போகும். கால் மரத்துப்போறது அதிலைதான் துவங்கும். அஞ்சு பாகை நிமித்திப் பாக்கலாம், அதுக்கு மேலை யோசிச்சுச் செய்யவேணும்.

#5 · மானிப்பாய்_லேத்

பட்டையைப்பற்றி நான் சொல்லுறன்.

ஒற்றைக் கம்பி, ஒற்றைப் பட்டை ரெண்டும் வேண்டாம். தலை ஏறத்தாழ 5 கிலோ. அதை ஒற்றைப் பட்டையின்ரை நுனியிலை வைச்சால் தூண்டில்தடி மாதிரி ஆடும், பக்கத்துக்கும் முறுகும். 60 தொடக்கம் 80 மில்லிமீற்றர் இடைவெளியிலை ரெண்டு பட்டை போட்டு, மேலை ஒரு தகட்டாலை இணைச்சால் முறுகல் நிண்டுபோகும்.

உலோகம் ரெண்டு வழி. 20×3 துருப்பிடிக்காத உருக்குப் பட்டை, 304 தரம், மீற்றருக்கு 480 கிராம் வரும். அல்லது 25×4 அலுமினியம், மீற்றருக்கு 270 கிராம். அலுமினியத்தின்ரை விறைப்பு உருக்கின்ரை மூண்டிலொண்டுதான். ஆனா விறைப்பு தடிப்பின்ரை மும்மடியோடை கூடும். 3 இலிருந்து 4க்குப் போனால் அதுமட்டும் 2.4 மடங்கு, அகலம் 20 இலிருந்து 25 ஆனால் இன்னும் கால்வாசி. கடைசியிலை ரெண்டும் ஏறத்தாழ ஒரே விறைப்பு. ஆகவே பாரம் பாக்கிற ஆள் அலுமினியத்தை எடுக்கலாம், ஒண்டும் குறையாது.

யன்னல் செய்யிற கடையிலை கிடைக்கிற துண்டுகள் பெரும்பாலும் 6063 எண்ட அலுமினியக் கலவை. அது வளையும், ஆனா மடிச்சால் வெடிக்கும். 25 மில்லிமீற்றர் குழாய் ஒண்டைச் சுத்தி வளையுங்கோ, உள்வளைவு ஆரம் 12 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. வைசிலை பிடிக்கேக்கை தாடைக்கு மரத்துண்டு வையுங்கோ, வைசின்ரை பல் பதிஞ்ச இடத்திலைதான் பிறகு வெடிப்புத் துவங்கும். கூட வளைச்சிட்டால் திருப்பி நிமித்தாதேங்கோ. ஒருக்கா வளைஞ்சு நிமிந்த அலுமினியம் அதிர்விலை அந்த இடத்திலையே முறியும். புதுத் துண்டு வெட்டுறது லாபம்.

துளைக்குப் பதிலா நீள்துளை போடுங்கோ: 6.5 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் நீளம். 6 மில்லிமீற்றர் துளைகளை வரிசையாப் போட்டு, இடையை அரத்தாலை திறக்கலாம். வளைவிலிருந்து குறைஞ்சது 20 மில்லிமீற்றர் தள்ளி இருக்கவேணும். இந்த நீள்துளையாலை உயரத்தை மாத்தலாம். முன்தள்ளலுக்குப் பட்டைக்கும் ஓட்டுக்கும் இடையிலை வாசர் அடுக்குங்கோ, சாய்வும் அதாலையே ஒண்டு ரெண்டு பாகை மாறும்.

#6 · கோண்டாவில்சில்லு

நன்றி அண்ணை. ஓட்டிலை துளைபோடப் பயமாக் கிடக்குது. வெடிக்காதோ?

#7 · மானிப்பாய்_லேத்

அவசரப்பட்டால் வெடிக்கும். துளைபோடுற இடத்திலை ரெண்டு பக்கமும் ஒட்டுநாடா (ரேப்) ஒட்டுங்கோ. பின்பக்கம் மரக்கட்டையை இறுக்கிப் பிடிச்சு, முதல் 2 மில்லிமீற்றர், பிறகு 4, கடைசியிலை 6.5. ட்றில்லை அமத்தாதேங்கோ, சுத்துறதே வெட்டட்டும். சுத்தியல் முறையிலை ஓடுற ட்றில் எண்டால் அந்த முறையை நிப்பாட்டுங்கோ. விளிம்பிலிருந்து 25 மில்லிமீற்றராவது உள்ளுக்கு வேணும். மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் கண்ணாடித் தூள். துளையின்ரை உள்விளிம்பிலை கொஞ்சம் எப்பொக்சி பூசிக் காயவிட்டால் மழைத்தண்ணி நாருக்குள்ளை ஊறாது.

நாலு துளை, நாலு எம்6 (6 மில்லிமீற்றர்) போல்ட், 20 மில்லிமீற்றர் நீளம், வாசர் அடுக்கினால் அந்தளவுக்குக் கூட்டுங்கோ. முதுகுப்பக்கம் உருண்டைத் தலை வரவேணும், நட் பின்னுக்கு. ரெண்டு பக்கமும் 24 மில்லிமீற்றர் அகல வாசர். சின்ன வாசர் போட்டு இறுக்கினால் ஓடு நசிஞ்சு, வாசரைச் சுத்தி வெள்ளையா வட்டம் விழும். அது நார் உடையிற அடையாளம். நைலோன் நட் போட்டால் அளவா இறுக்கினால் காணும், கழராது.

உருக்குப் போல்ட்டும் அலுமினியப் பட்டையும் நேரை தொடக்கூடாது, எங்கடை உப்புக்காத்திலை வெள்ளைத் தூள் கட்டி ஒண்டை ஒண்டு கடிச்சுப் பிடிக்கும். இடையிலை நைலோன் வாசர் அல்லது கிறீஸ். கார்பன் ஓடு வைச்சிருக்கிறவை இன்னும் கவனம், கார்பனும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பு இதைவிடக் கெதியா நடக்கும்.

#8 · ஆறுமணிக்காத்து

ஓடு இல்லை, வலைக் கதிரை வைச்சிருக்கிறவை என்ன செய்யிறது? சட்டம் 22 மில்லிமீற்றர் குழாய்.

#9 · மானிப்பாய்_லேத்

அந்தக் குழாயைத் துளைக்கவேண்டாம், வலையின்ரை இழுவை முழுக்க அதிலைதான். உள்ளுக்கு றபர் போட்ட வளையக் கிளிப் நாலு வாங்கி, பக்கத்துக்கு ரெண்டாப் போடுங்கோ. அது கிடையாட்டி ஓஸ் கிளிப்பும் பழைய ரியூப் துண்டும். ஓஸ் கிளிப்பின்ரை வாலை வெட்டி அரத்தாலை மழுக்கி, மேலை ரியூப்பைச் சுத்துங்கோ, சேட்டைக் கிழிக்கும். பக்கத்துக்கு ஒரு கிளிப் மட்டும் போட்டால் தாங்கி பின்னுக்குச் சுழண்டு விழும்.

#10 · பஞ்சும்துணியும்

இனி பஞ்சு. இதிலை கனபேர் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறது ஞாபகப்பஞ்சிலை, கடையிலை மெமரி போம் எண்டு விக்கிறது. அது உடம்புச் சூட்டிலை இளகிறதுக்கெண்டு செய்தது. எங்கடை பங்குனி சித்திரை வெயிலிலை தலைபட முதலே இளகிப்போய்க் கிடக்கும், தலையை வைச்ச உடனை அடித்தகட்டிலை முட்டும், நிமிந்து வர நேரமும் எடுக்கும். றோட்டு அதிர்வு அதுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது.

மூண்டு அடுக்காப் போடுங்கோ. அடியிலை 10 மில்லிமீற்றர் ஈவிஏ, கறுப்பு விரிப்பா வாறது அல்லது ஒரு சோடி றபர் செருப்பின்ரை அடி. நடுவிலை 25 மில்லிமீற்றர் இயற்கை றபர் லேற்றெக்ஸ் பஞ்சு, மெத்தை செய்யிற இடத்திலை வெட்டுத்துண்டு கேளுங்கோ. மேலை 5 மில்லிமீற்றர் காத்துவலைத் துணி, பள்ளிக்கூடப் பையின்ரை முதுகுப்பக்கம் இருக்கிறது. மொத்தம் 40. சின்னக் குலுக்கலை லேற்றெக்ஸ் எடுக்கும், பெரிய கிடங்கிலை விழேக்கை ஈவிஏ தாங்கும், அடிமுட்டாது. லேற்றெக்சை வெயில் நேரை பட விடக்கூடாது, பொடிஞ்சுபோகும். எண்ணையும் ஆகாது. தலைக்கு நல்லெண்ணை வைக்கிறவை அதுக்கு மேலை மெல்லிய பொலித்தீன் ஒண்டு போடட்டும்.

அளவு: அகலம் 130, உயரம் 70 மில்லிமீற்றர். அகலத்தைக் கூட்டினால் தலையைத் திருப்பேக்கை தாடை முட்டும்.

றெக்சின் வேண்டாம், வடிவா இருக்கும் ஆனா அஞ்சு நிமிசத்திலை பிடரி நனைஞ்சு வழுக்கும். மேலுறையைக் கழட்டித் தோய்க்கக்கூடியதாத் தையுங்கோ. வியர்வை உப்பு ஊறினால் முதல் நாறும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். ரெண்டு உறை தைச்சால் ஒண்டு காயேக்கை மற்றது போடலாம்.

#11 · தீவகம்64

பயணத்துக்குக் கழுத்திலை போடுற வளைய தலையணையைக் கட்டிவிட்டால் காணாதோ? இவ்வளவு வேலை என்னத்துக்கு?

#12 · பஞ்சும்துணியும்

காணாது ஐயா. அது நிமிந்து இருந்து நித்திரைகொள்ளுற ஆளுக்குச் செய்தது. பின்பக்கம் தடிப்பு, தலையை முன்னுக்குத் தள்ளும், நாடி நெஞ்சிலை போய் நிக்கும். ரெண்டு பக்கமும் காதுக்குக் கீழை எழும்பி நிக்கிறதாலை திரும்பிப் பாக்கவும் ஏலாது.

காரின்ரை தலைதாங்கியைக் கழட்டிப் பூட்டலாமோ எண்டும் ஆரும் கேப்பினம். அதுவும் வேண்டாம். பாரம், அகலம், தாங்கிற இடம் மூண்டும் பிழை.

#13 · ஆறுமணிக்காத்து

மாரியிலை மழைக்கு என்ன செய்யிறது? ஐப்பசி கார்த்திகையிலை லேற்றெக்ஸ் தண்ணியை உறிஞ்சி வைச்சிருக்குமே.

#14 · பஞ்சும்துணியும்

உறிஞ்சும். அந்த மாதங்களுக்கு நடு அடுக்கை மட்டும் மாத்துங்கோ. மீன்தொட்டி வடிகட்டிக்குப் போடுற பெருங்கண் பஞ்சு இருக்கல்லோ, கறுப்பு அல்லது நீலம், கண் ஒண்டொண்டும் திறந்திருக்கும். தண்ணி உள்ளை நிக்காது, ஒருக்காப் பிழிஞ்சால் முடிஞ்சுது. கொஞ்சம் விறைப்பு, அதாலை 30 மில்லிமீற்றராப் போடுங்கோ. அடித்தகட்டிலை 8 மில்லிமீற்றர் வடிகால் துளை மூண்டு வேணும். ஈவிஏயிலையும் அதே இடத்திலை துளைச்சால்தான் தண்ணி வெளியிலை போகும், இதைக் கனபேர் மறக்கிறவை.

#15 · மானிப்பாய்_லேத்

அடித்தகட்டுக்கு அலுமினியத்தைவிட நல்லது குசினியிலை மரக்கறி வெட்டுற பிளாஸ்ரிக் பலகை. 6 அல்லது 8 மில்லிமீற்றர், வாளாலை வெட்டலாம், துருவில்லை, விளிம்பை மழுக்கலாம். போல்ட்டின்ரை தலை பஞ்சுப்பக்கம் புதைஞ்சு இருக்கவேணும், சமதட்டுத் தலை போட்டுத் துளையைக் கூம்பாக் குடையுங்கோ. பின்னாலை ஆரும் முட்டினால் அந்த இடத்திலை தலை போய் அடிக்கும், அதிலை ஒரு கூரும் நிக்கக்கூடாது. பட்டையின்ரை நுனியும் பலகையின்ரை மேல்விளிம்புக்கு 15 மில்லிமீற்றர் கீழையே முடியவேணும்.

இது காரின்ரை தலைதாங்கி செய்யிற பாதுகாப்பு வேலையைச் செய்யாது எண்டதையும் சொல்லிவைக்கிறன். வசதிக்கு மட்டும்தான்.

#16 · பஞ்சும்துணியும்

அந்தப் பலகை பொலித்தீன் குடும்பம், செருப்புப் பசை அதிலை பிடிக்காது. ஒட்டினமாதிரி இருக்கும், அடுத்தநாள் முழுசா உரிஞ்சு வரும். ஆகவே பஞ்சுக்குப் பஞ்சு மட்டும் ஒட்டுங்கோ: ரெண்டு முகத்திலையும் மெல்லிசாப் பூசி, பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு, விரலிலை ஒட்டாமல் பிசுபிசுக்கேக்கை சேர்த்து அமத்தவேணும். ஈரமாச் சேர்த்தால் உள்ளை காயாது. சுப்பர் குளூ பக்கம் போகவேண்டாம், பஞ்சு அந்த இடத்திலை கல்லாகும். பலகையோடை பிடிக்கிறதுக்கு உறையைப் பின்பக்கம் மடிச்சு வெல்குறோப் பட்டி ரெண்டு குறுக்கை தையுங்கோ. வெயிலிலை நிப்பாட்டின சயிக்கிளிலை பசை இளகினாலும் உறை பிடிச்சு வைச்சிருக்கும்.

#17 · வல்லைவெளி

அதிர்வுக்கு ரயர் செய்யிற வேலையைப்பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. பஞ்சாலை மட்டும் தீராது. 20 அங்குல முன்சில்லிலை 28 மில்லிமீற்றர் ரயரை 100 பிஎஸ்ஐக்கு அடிச்சு வைச்சால் என்ன பஞ்சு போட்டும் பல்லுக் கிடுகிடுக்கும். 20 அங்குலச் சில்லு ரெண்டு அளவிலை வரும், 406, 451, ரயர் அமருற விட்டம் மில்லிமீற்றரிலை. உங்கடை சில்லு 406 எண்டால் சின்னப்பிள்ளையளின்ரை சயிக்கிளுக்கும் பிஎம்எக்சுக்கும் வாற ரயரே சரிவரும். 47 மில்லிமீற்றர் போட்டு 50, 55க்கு அடிச்சுப் பாருங்கோ, ரயரின்ரை பக்கத்திலை அச்சடிச்சிருக்கிற எல்லைக்குள்ளை. 451 எண்டால் இஞ்சை ரயர் தேடுறது கஷ்டம். முன்சில்லைப் பிடிக்கிற கவரும் (போர்க்) மட்காட்டும் 47க்கு இடம் விடுமோ எண்டதையும் முதலே அளவுங்கோ.

பட்டைக்கும் ஓட்டுக்கும் இடையிலை றபர் புஸ் போடச் சொல்லிச் சிலர் சொல்லுவினம். மெல்லிய, 3 மில்லிமீற்றர் றபர் தகடு எண்டால் சரி, சத்தமும் குறையும். மோட்டார்சயிக்கிளின்ரை மெத்தென்ற புஸ் போட்டால் தலை தனக்கெண்டு ஒரு ஆட்டம் தொடங்கும், கிடங்கு போனபிறகும் நிக்காது. பட்டை விறைப்பா, பஞ்சு மெதுவா இருக்கவேணும், மாறிப்போனால் முந்தினதைவிடக் கஷ்டம்.

றோட்டின்ரை பழுதான துண்டிலை தலையைக் கொஞ்சம் தூக்குங்கோ, ஒரு விரல் இடைவெளி காணும். கழுத்தை விட நல்ல அதிர்வுதாங்கி கடையிலை விக்கிறேல்லை.

#18 · தீவகம்64

ஹெல்மெட்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ. பின்னுக்குச் சுத்தி இறுக்கிற சக்கரம் சரியாப் பிடரிக்கு நேரை வருது.

#19 · வல்லைவெளி

ரெண்டு வழி. கனபேருக்குப் பஞ்சை 15 மில்லிமீற்றர் கீழிறக்கினாலே சரிவரும். இல்லாட்டிப் பஞ்சின்ரை மேல்பாதியிலை, நடுவிலை 40 மில்லிமீற்றர் அகலத்துக்கு, 15 ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கோ, சக்கரம் அதுக்குள்ளை இருக்கும். தலையும் அதிலை பக்கத்துக்கு உருளாமல் நிக்கும். பின்பக்கம் நீண்டு இறங்கிற ஹெல்மெட்டை இந்தச் சயிக்கிளுக்கு வாங்காதேங்கோ.

தாங்கி போட்டபிறகு திரும்பிப் பாக்கிறது குறையும். நாங்கள் இடப்பக்கம் ஓடுறம், முந்திற வாகனம் வலப்பக்கத்தாலை வரும். வலது கைப்பிடியிலை கண்ணாடி ஒண்டு பூட்டாமல் பருத்தித்துறை வீதியிலை இறங்கவேண்டாம். வல்லைவெளியிலை பக்கக்காத்து அடிக்கேக்கை திரும்பிப் பாத்தால் ஹாண்டிலும் சேர்ந்து திரும்பும், அதுக்கும் கண்ணாடிதான் மருந்து.

#20 · கோண்டாவில்சில்லு

அளந்து பாத்திட்டன். உயரம் 145, முன்தள்ளல் 65. பஞ்சு அக்கா சொன்ன 40, அமருறது 10 எண்டு வைச்சால் முகம் 35 வருது. 25×4 அலுமினியம் ரெண்டு. ஓட்டிலை பிடிக்கிற நீளத்துக்கு 90 விட்டிருக்கிறன். ஒரு பட்டைக்கு எவ்வளவு வெட்டவேணும்? 35 முன்னுக்கு வாறதுக்கு ஒரு வளைவோ, ரெண்டோ?

#21 · மானிப்பாய்_லேத்

ரெண்டு வளைவு. ஒண்டை முன்னுக்கு, மற்றதைத் திருப்பி நிமித்த. ஒரு வளைவு மட்டும் போட்டால் பலகை சரிஞ்சு நிண்டு மேல்விளிம்பு மண்டையிலை குத்தும்.

பட்டை ஓட்டின்ரை பின்பக்கத்திலை இருக்கிறதையும் கணக்கிலை எடுங்கோ. நீங்கள் 35ஐ ஓட்டின்ரை முதுகுப்பக்க முகத்திலிருந்து அளந்திருக்கிறியள். ஓட்டின்ரை தடிப்பையும் இடையிலை போடுற றபரையும் அதோடை கூட்டுங்கோ, 4ம் 3ம் எண்டால் 42. பட்டையின்ரை முன்முகத்துக்கும் பஞ்சுக்கும் இடையிலை 8 மில்லிமீற்றர் பலகை நிக்குது, அதைக் கழியுங்கோ. 34 மில்லிமீற்றர் வளைப்பு. 30 பாகையிலை ரெண்டு வளைவு எண்டால் இடையிலை சரிவா 68 மில்லிமீற்றர் வரும், அதுக்கு உயரத்திலை 59 போகும். முதல் வளைவை ஓட்டின்ரை விளிம்புக்கு 10 மேலை துவங்குங்கோ, கீழை துவங்கினால் ஓட்டின்ரை விளிம்பிலை முட்டும்.

பிடிக்கிற பாகம் 90, விளிம்பு இடைவெளி 10, சரிவு 68, மேலை நேராப் பலகை பூட்ட 85. அது 253. பலகையின்ரை நடு 145க்கு வாறதுக்கும் மேல்விளிம்புக்கு 15 கீழை முடியிறதுக்கும் பலகை உயரம் 70 எண்டால் இது 11 காணாது, ஆகவே 270ஆ வெட்டுங்கோ. வளைக்கேக்கை இடம் விலகும், மிச்சத்தைக் கடைசியிலை வெட்டலாம், ஒட்டேலாது. முதல் 3 மில்லிமீற்றர் வயர் ஒண்டை இதே அளவுக்கு வளைச்சுக் கதிரையிலை பிடிச்சுப் பாத்திட்டு அலுமினியத்திலை கைவையுங்கோ. ரெண்டு பட்டையையும் ஒண்டாப் பிடிச்சு வளைக்கவேண்டாம், வெளிப்பட்டையின்ரை ஆரம் கூடி அளவு மாறும்.

#22 · பஞ்சும்துணியும்

வாய்க்கால் வெட்டிறதெண்டால் உறை தைக்க முதல் வெட்டுங்கோ. லேற்றெக்சைக் கத்தியாலை அறுத்தால் இழுபட்டுக் கோணலாகும். ரெண்டு பலகைக்கு இடையிலை அமத்திப் பிடிச்சு, ஈரமாக்கின நீளக் கத்தியாலை ஒரே இழுவையிலை வெட்டவேணும்.

#23 · மானிப்பாய்_லேத்

பூட்டி முடிய, நட்டுக்கும் வாசருக்கும் குறுக்கை பெயின்ற் பேனாவாலை ஒரு கோடு போடுங்கோ. முதல் அம்பது கிலோமீற்றர் ஓடின பிறகு கோடு விலகியிருந்தால் நட் சுத்தியிருக்குது. கோடு விலகாமல் தாங்கி ஆடினால் ஓடு நசியுது, வாசரைப் பெரிசாக்குங்கோ. வளைவின்ரை வெளிப்பக்கத்தை மாதத்துக்கு ஒருக்கா நகத்தாலை தடவிப் பாருங்கோ, நகம் மாட்டுப்பட்டால் அந்தப் பட்டையைக் கழட்டி எறியுங்கோ.

#24 · கோண்டாவில்சில்லு

ஓடு 4 இல்லை, விளிம்பிலை 5 இருக்குது. அப்ப வளைப்பு 35, சரிவு 70. வயரிலை வளைச்சுப் பாத்திட்டுப் படம் போடுறன்.